விதைநெல் அக்காவின் பங்கு

உருத்திரபுரத்தில் அவரோடு சண்டை பிடிக்க விரும்பிய எல்லாருக்கும் ஒரே கஷ்டம் இருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தன்னுடைய பிழையைச் சொல்லிவிடுவார். "என்ர பங்கைச் சொல்லுறன்" என்றுதான் தொடங்குவார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்து வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு வருகிற மௌனம் எங்களுடையது. அதற்குள் எதைச் சொல்ல வெளிக்கிட்டாலும் எங்களைப் பற்றித்தான் சொல்லவேண்டி வரும்.

ஊரில் அவரை விதைநெல் அக்கா என்றார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. கேட்டால் எழுது என்றுதான் சொல்வார். அதனாலேயே கேட்கவில்லை.

நெடுத்த, மெலிந்த உருவம். பாவாடைக்கு மேல் புருஷனின் பழைய நீளக்கைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வரம்பில் நடப்பார். புருஷன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். அதிகம் பேசாத அந்த மனிதர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷமா இந்த வீட்டில நான் ஒருக்காலும் வெண்டதில்லை, பிள்ளை. அவா தன்ர பங்கைச் சொல்லிப்போட்டு உலையை வைக்கப் போயிடுவா. மிச்சம் முழுக்க என்ர தலையில." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த இரும்புக் குறட்டைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைத்தார்.

நான் கடற்கரைப் பெண். முல்லைத்தீவில் வலையும் றோலர்ப் படகும் காற்றும் பேசி வளர்ந்தவள். மீன் படாத நாளில் கடலைத் திட்டிவிட்டு வந்து படுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கலியாணம் முடித்து இங்கே வந்து, மூத்தவளுக்கு ஐந்து வயதானபோது புருஷன் வெளிநாடு போய்விட்டார். ஒன்றரை ஏக்கர் வயல் என் கையில் வந்தது. நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத என்னைத் தன்னுடைய விதைநெல் குழுவில் சேர்த்துக்கொண்டவர் அக்கா. ஒன்பது பெண்கள். அதில் ஐந்து பேரின் புருஷன்மார் வெளிநாட்டில், இரண்டு பேருக்குப் புருஷன் இல்லை. ஒரே வாய்க்காலில் பாய்கிற எங்கள் வயற்கண்டத்து ஆட்கள் விதைப்புக்கு எங்களிடம்தான் நெல் எடுப்பார்கள். மூட்டையில் எந்த அட்டையும் கிடையாது. அக்காவின் சொல்தான் அட்டை.

அவருடைய பழக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாரிமழைக் காலபோகத்தில், விதைத்த மூன்றாம் நாள், அவருடைய மடை உடைந்து பக்கத்து வயலுக்குள் தண்ணீர் போய்விட்டது. அது தவராசா அண்ணையின் வயல். அவர் கட்டாரில் ஆறு வருஷம் நின்று சம்பாதித்து வந்து, தன் காணியோடு இன்னும் நான்கு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விதைத்திருந்தார். ஒரு மூலையில் கொஞ்ச முளை அழுகியிருந்தது, அவ்வளவுதான். அவர் அதைக் கண்டிருக்கவும் இல்லை. அக்கா விடியக் காலமையே அவர் வீட்டுப் படலையில் போய் நின்றார்.

"தவராசா, மடை உடைஞ்சது மழையால. ஆனால் நேற்றுப் பின்னேரம் அதில கசிவைக் கண்டனான். நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டனான். அது என்ர பங்கு. அந்த மூலைக்கு நான் விதை தாறன்."

"ஆரும் பாக்கேல்லையே அக்கா. நானே பாக்கேல்லை."

"நான் பாத்தனான்தானே."

தவராசா அண்ணை இதைச் சந்தியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விதைநெல்லை வேறு இடத்தில் வாங்குவதில்லை என்று அதற்குப் பிறகுதான் தீர்மானித்தார்.

எல்லாருக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். இரசாயனப் பசளைக்குத் தடை வந்த வருஷம் ஊர் விவசாயிகளின் கூட்டம் முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. நெல் மஞ்சளடித்து நின்றது, திட்டாமல் என்ன செய்வது. அக்கா எழும்பி, "பசளையை நிப்பாட்டினது அவை. அது அவையின்ர பங்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் எங்கட பட்டியளில இருந்த சாணியை வருஷா வருஷம் யாழ்ப்பாணத்து லொறிக்கு ஏத்திவிட்டது ஆர்? நானும் ஏத்தினனான்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அந்த உண்மையைக் கேட்க யாருக்கும் மனமில்லை. பின்வாங்கிலிருந்து ஒருவர், "இவா ஆரின்ர பக்கம்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. எனக்கும் அதே கேள்விதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கடுத்த வருஷம் வெயில்காலச் சிறுபோகத்தில் எங்கள் விதைநெல் நன்றாக விளைந்திருந்தது. வெட்டு மெசின் ஒரு கிழமை பிந்தி வந்தது. இப்போது அரிவாள் பிடிக்க ஆட்கள் இல்லை. ஒரு மெசின் ஊர் ஊராக, வயல் வயலாகப் போகிறது. கையால் வெட்டிச் சூடடித்த காலத்தில் ஒருவர் வயலில் இருந்த களை அவர் வரம்புக்குள்ளேயே நின்றது. இப்போது அது மெசினின் வயிற்றுக்குள் ஏறிப் பத்துக் கட்டை தூரம் தாண்டிப் போய் இறங்குகிறது. எல்லாவற்றிலும் மோசமானது பன்றிநெல். முளையில் பார்த்தால் நெல்தான். கதிர் தள்ளும்போதுதான் உயர்ந்து, கூர் நீட்டிக்கொண்டு தன்னைக் காட்டும். நாங்கள் அறுப்பதற்கு முன்பே தானாகக் கொட்டி, மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்.

அதனால் அக்காவிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. விதை வயலுக்குள் மெசின் இறங்கும் முன் அதன் மூடிகளை எல்லாம் திறந்து, காற்றடித்து, சும்மா ஓடவிட்டு, மறுபடியும் காற்றடிக்க வேண்டும். முதல் சுற்றில் வெட்டுகிற நெல்லை விதையோடு சேர்க்காமல் சாப்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். ஒன்றரை மணித்தியால வேலை. ஒவ்வொரு போகமும் எங்களில் ஒருவர் அதற்குப் பொறுப்பு.

அந்த முறை பொறுப்பு என்னுடையது.

அக்கா சாக்கு வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். இரணைமடுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஊரில் இன்னும் மூன்று வயல்காரர் மெசினுக்குக் காத்து நின்றார்கள். ஓட்டுநர் இறங்காமலே, "போன வயலிலயே துப்பரவாக்கிப்போட்டுத்தான் வந்தனான். இறக்கட்டே?" என்று கேட்டார். நான் மெசினின் முன்பக்கத்தைப் பார்த்தேன். பல்லுகளுக்கிடையில் நாலைந்து நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் நீளக் கூர் இருந்தது. அதை நான் கண்டேன். காணவில்லை என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்கு நானே சொல்லமுடியவில்லை.

"இறக்குங்கோ" என்றேன்.

முதல் சுற்று நெல்லையும் ஒதுக்கவில்லை. கடைசி மூட்டையை மழைக்கு மூடுகிற தறப்பாளுக்குள் தள்ளும்போது பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. பஸ் பழுதாகி, அக்கா நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

"மெசினைப் பாத்தனியோ, றெஜினா?"

"ஓம் அக்கா."

"முதல் சுத்து?"

"ஒதுக்கியாச்சு."

அவர் தறப்பாளைத் தூக்கி ஒரு மூட்டையின் கட்டில் கை வைத்தார்.  பிறகு கையை எடுத்துவிட்டு, "சரி, மழை விடட்டும்" என்றார்.

அந்த நெல்லைத்தான் அடுத்த காலபோகத்தில் கண்டம் முழுக்க விதைத்தார்கள்.

மார்கழியில் கதிர் தள்ளியது. ஒருநாள் காலமை என் வயலில் நின்று பார்த்தேன். பச்சைக்கு மேலே முழ உயரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, கூர் நீட்டிய கதிர்கள்.  பக்கத்து வயலைப் பார்த்தேன். அதற்கடுத்த வயலையும் பார்த்தேன். எங்களிடம் விதை எடுத்த ஒவ்வொரு வயலிலும் அது நின்றது. தவராசா அண்ணையின் குத்தகை வயலில்தான் ஆகக் கூட.

அக்கா செயலாளராக இருந்த கமக்காரர் அமைப்பின் கூட்டம் கூடியது. அரசாங்கத்தின் கமநல சேவை நிலையத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் இளம் பெடியன், நல்லவர். சண்டை வரக்கூடாது என்று நினைத்தார். "இது இப்ப எல்லா மாவட்டத்திலயும் இருக்கு. மெசினால வாறது. ஆரையும் குறை சொல்ல ஏலாது" என்றார். மண்டபத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நானும் மூச்சு விட்டேன். எங்கள் குழுவில் ஒருத்தி என் கையை மெல்லப் பிடித்து அமத்தினாள். தப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

அக்கா எழும்பினார்.

"என்ர பங்கைச் சொல்லுறன். விதைநெல் என்ர பேரில குடுத்தது. மெசின் இறங்கேக்கை நான் வயலில நிக்கேல்லை. சாக்கு வாங்க வேற ஆரையும் அனுப்பியிருக்கலாம், நான்தான் போனனான். வந்த பிறகும் மூட்டையை அவிட்டுப் பாக்கேல்லை. இந்தப் பன்றிநெல் உங்களுக்கு என்ர விதையால வந்தது."

தவராசா அண்ணை எழும்பினார். அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அக்கா, ஆறு வருஷம் வெயிலுக்கை நிண்டு உழைச்சதை உங்கட சொல்லை நம்பி மண்ணுக்கை போட்டனான். அப்ப வயலில ஆர் நிண்டது?"

"என்ர பங்கைச் சொல்லிப்போட்டன், தவராசா."

"ஆர் நிண்டது எண்டு கேக்கிறன்."

அக்கா உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்திருந்தால் நான் எழும்பியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது என் செருப்பை. வார் பிய்ந்து, நைலோன் நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலின் ஒவ்வொரு முடிச்சும் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் குழுப் பெண்கள் அக்காவின் முற்றத்தில் கூடி அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லை. அந்த உத்தியோகத்தர் தம்பியே மெசின் எண்டு சொல்லிப்போட்டுது. நீங்கள் ஏன் எழும்பினனீங்கள்? இனி எங்களிட்டை ஆர் நெல்லெடுப்பினம்?" என்று ஒருத்தி அழுதாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வேறு வருமானம் கிடையாது.

"மெசின் எண்டு விட்டால் வாற போகமும் எங்களிட்டைத்தான் எடுத்திருப்பினம். என்ர சாக்குக்குள்ள என்ன கிடக்கு எண்டு எனக்கே தெரியாமல் என்னெண்டு குடுக்கிறது?" என்றார் அக்கா.

 குழு அன்றோடு கலைந்தது. ஏழு பேர் அதற்குப் பிறகு அவருடைய வாசலுக்கு வரவே இல்லை.

மறுநாள் காலமை அவர் ஓர் அரிவாளும் ஓர் உரப்பையும் எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். தன் வயலுக்குள் இல்லை, மற்றவர்களுடைய வயலுக்குள். பன்றிநெல் கொட்டுவதற்கு முன்பு கதிர் கதிராக வெட்டிப் பைக்குள் போட்டு, கொண்டுவந்து எரித்தார். நான் கூடப் போனேன். எத்தனை வயல் என்று நான் எண்ணவில்லை. இடுப்பு நிமிராது. கூர் குத்திக் கை முழுக்கக் கீறல். நான் வேலை செய்தேன், பேசவில்லை. இப்படியே வேலை செய்து என் பிழையைக் கரைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

தவராசா அண்ணை எங்களை விடவில்லை. "என்ர வரம்பில கால் வைக்கவேண்டாம்" என்றார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. மூன்று காலமை போய் வாய்க்கால் கரையில் அரிவாளோடு நின்றார். வெயில் ஏறும்வரை நிற்பார், பிறகு வேறு வயலுக்குப் போவார். நான்காம் நாள் தவராசா அண்ணை தானே வந்து, "இறங்குங்கோ. என்னோட கதைக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வயலின் நடுவில்தான் என்னால் தாங்கமுடியாமல் போனது.

"அக்கா, அண்டைக்கு நான் மெசினைத் துப்பரவாக்கேல்லை. முதல் சுத்தும் ஒதுக்கேல்லை."

அரிவாள் நிற்கவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. நீ ஓம் எண்டு சொல்லேக்கை என்ர முகத்தைப் பாக்கேல்லை."

 அவர் இரண்டு கதிரை வெட்டிப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மூட்டையை அவிட்டிருக்கலாம். கட்டில கையும் வைச்சிட்டன். அவிட்டால் முழுக்கத் தள்ளிவைக்கவேண்டி வரும். மழை வந்திட்டுது, விதைக்கு ஆக்கள் வாசலில நிக்கினம். நீ சொன்ன பொய் எனக்கும் அப்ப வசதியாத்தான் இருந்தது."

"கூட்டத்தில நீங்கள் இதைச் சொல்லேல்லையே."

"சொன்னால் உன்ர பேர் வரும். அதால விட்டிட்டன். பாக்கேல்லை எண்டு சொன்னன். சந்தேகப்பட்டும் பாக்கேல்லை எண்டு சொல்லேல்லை." பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நீ வாய் திறந்தால்தான் நானும் திறக்கலாம்" என்றார்.

 என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை போய்விட்டது. என் பிழை என்னோடு மட்டும் நின்றிருந்தால் நான் அதை மறைத்துக்கொண்டே கிழவியாகியிருப்பேன். இப்போது அவருடைய வாயும் என்னால் அடைபட்டிருந்தது. தொலைபேசியில் புருஷனிடம் சொன்னேன். "விடு. முடிஞ்ச கதை. நீ அந்த ஊர் ஆளும் இல்லை. சொன்னால் பிள்ளையளோட அங்கை இருக்க ஏலாது" என்றார். அவர் என் மேலுள்ள அன்பில்தான் அப்படிச் சொன்னார்.

இன்னொரு சாட்டும் எனக்குக் கிடைத்தது. அறுவடை முடிய ஊரின் கோபம் மெல்லத் தணிந்தது. நெல் எல்லாருக்கும் குறைந்திருந்தாலும், அக்கா ஒவ்வொரு வயலிலும் குனிந்து நின்றதை எல்லாரும் கண்டிருந்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். கதைத்தார்கள். நான் இப்போது சொன்னால் அவரும் மிச்சத்தைச் சொல்வார், கிடைத்த மரியாதை திரும்பவும் போகும். ஆகவே அவருக்காகத்தான் நான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் சிறுபோகக் கூட்டம். தண்ணீர் திறக்கிற நாள், யாருக்கு எவ்வளவு காணி என்பதெல்லாம் பேசி முடித்தபிறகு தவராசா அண்ணை எழும்பினார். நான் எதிர்பார்க்காத ஆள்.

"விதைநெல் வேலையை அக்காவே திரும்பத் தொடங்கட்டும். நான்தான் ஆகக் கூட நட்டப்பட்டனான், நானே சொல்லுறன். இந்த ஊரில ஒண்டையும் மறைக்காத ஆள் அவா ஒராள்தான்."

சிலர் தலையாட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எந்தக் கூட்டத்திலும் யாருடைய கண்ணையும் நேராகப் பார்க்கிற மனுஷி. 

எழும்பினது எனக்கு நினைவில்லை. பேசினது நினைவிருக்கிறது.

"அண்டைக்கு வயலில நிண்டது நான். மெசினைத் துப்பரவாக்கேல்லை. கூர் நெல்லைக் கண்டனான். கண்டும் இறக்கச் சொன்னனான். பிறகு அக்காவுக்குப் பொய் சொன்னனான்."

 நான் உட்காருவதற்குள் அக்காவும் எழும்பிவிட்டார். "அந்தப் பொய் எனக்கு விளங்கினது. விளங்கியும் மூட்டையை அவிட்டுப் பாக்காமல் உங்களுக்கு அளந்து தந்தனான். போன முறை இதை நான் சொல்லேல்லை."

தவராசா அண்ணை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் கடற்கரையிலிருந்து வந்தவள், என்னிடம் அவருக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்திருக்காது. "அப்ப நீங்களும்தான் அக்கா" என்றார். தான் இருந்த கதிரையை ஒதுக்கிவிட்டு வெளியே போனார்.

விதைநெல் பேச்சு அத்தோடு முடிந்தது. அமைப்பின் செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக அக்கா அங்கேயே எழுதிக் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

வாய்க்கால் கரையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் திரும்பினோம்.  "அக்கா, நான் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நல்லாயிருந்திருக்கும்" என்றேன். இல்லை என்று சொல்வார், இதுதான் சரி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம்" என்றார். "நல்லாத்தான் இருந்திருக்கும்."

கொஞ்ச தூரம் போய், "ஆனால் நீ எழும்பேக்கை எனக்கு மூச்சு வந்தது" என்றார். சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டார்.

அந்தச் சிறுபோகம் எங்கள் கண்டத்தில் பாதிக் காணியை விதைக்காமல் விட்டு, தண்ணீர் கட்டிப் பன்றிநெல்லை முளைக்கவைத்து உழுது அழித்தார்கள். அடுத்த காலபோகமும் பன்றிநெல் கொஞ்சம் வந்தது. தவராசா அண்ணை குத்தகைக் காணியை விட்டுவிட்டு ஒரு பழைய வெட்டு மெசினைக் கூட்டாக வாங்கினார். எந்த வயலுக்குள் இறங்குவதென்றாலும் மூடியைத் திறந்து வயல்காரரையே காற்றடிக்கச் சொல்கிறார் என்று கேள்வி. அக்காவோடு அவர் பிறகு கதைத்ததை நான் காணவில்லை. என்னோடு இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், தண்ணீர் முறை பற்றி, ஒரு வசனம் கதைத்தார். அக்காவின் புருஷனுக்குக் கண் மங்க, இருவரும் வவுனியாவில் மகனோடு போய் இருந்துவிட்டார்கள். அவருடைய வயலை நான் செய்கிறேன்.

இந்த மார்கழியில் கதிர் தள்ளியபோது வரம்பில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, இந்த முறை ஒண்டும் இல்லை. வயல் சுத்தம்."

 "முழுக்க நடந்து பாத்தனியோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். "கிழக்கு மூலை மட்டும் பாக்கேல்லை அக்கா. அங்கை சேறு."

"அப்ப பாத்துப்போட்டு எடு" என்று வைத்துவிட்டார்.

செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தது. கிழக்கு மூலையில் மூன்று பன்றிநெல் நின்றன. வேரோடு பிடுங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அக்காவைத் திரும்ப அழைத்தேன்.